வந்தவன் தலையில் பழைய கடன்: யெஸ் குழுவின் 'டிராமா'

யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்களிடம் 'டிராமா' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கூட்டம் முகம் சுளிக்கும். "அதுவா? அது யெஸ் ஆல்பமே இல்லையே, பகிள்ஸ் ஆல்பம்" என்று கை கழுவிவிடும். இன்னொரு கூட்டம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ தப்புக் காரியத்தை ஒத்துக்கொள்வது போல, "உண்மையைச் சொன்னா எனக்கு அது பிடிக்கும்" என்று முணுமுணுக்கும். ஒரு நல்ல ஆல்பம் பிடிக்கும் என்று சொல்வதற்கு எதற்கு இவ்வளவு கூச்சம்?

டிராமா வெளிவந்தது 1980 ஆகஸ்டில். ஆறே பாடல்கள், சுமார் 37 நிமிடம். அது செய்த ஒரே பாவம், அதில் ஜான் ஆண்டர்சன் பாடவில்லை என்பதுதான். பாடியவர் ட்ரெவர் ஹார்ன். கீபோர்டு வாசித்தவர் ரிக் வேக்மன் இல்லை, ஜெஃப் டவுன்ஸ். இந்த இரண்டு பெயர்களை அட்டையில் படித்தவுடனேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். ஆல்பத்தைக் கேட்பதெல்லாம் அப்புறம்தான், அதுவும் நேரம் இருந்தால்!

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1968ல் லண்டனில் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிட்டார் வாசிக்கும் கிறிஸ் ஸ்க்வயரும் சேர்ந்து ஆரம்பித்த குழு யெஸ். ப்ராக்ரசிவ் ராக் என்ற வகையில் இவர்கள் பெரிய புள்ளிகள். மூன்று நிமிடப் பாட்டு, நடுவில் ஒரு கிட்டார் சோலோ, மறுபடி பல்லவி என்ற வாய்ப்பாடெல்லாம் இவர்களுக்குச் சரிப்படாது. 1972ல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. அடுத்து வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இரட்டை இசைத்தட்டு. நான்கு பக்கம், நான்கே பாட்டு! கேட்பவருக்குப் பொறுமை இருந்தால் பெரிய விருந்து, இல்லையென்றால் பெரிய தண்டனை.

இந்தக் குழுவில் ஆள் மாறுவது புதிய விஷயமே கிடையாது. 1970ல் கிட்டாரிஸ்ட் பீட்டர் பேங்க்ஸ் போனார், ஸ்டீவ் ஹவ் வந்தார். 1971ல் கீபோர்டு டோனி கே போனார், வேக்மன் வந்தார். 1972ல் டிரம்ஸ் பில் ப்ரூஃபோர்ட் தானாகவே கிளம்பி கிங் க்ரிம்சனுக்குப் போனார், ஆலன் ஒயிட் வந்தார். 1974ல் வேக்மன் போனார், சுவிட்சர்லாந்துக்காரர் பேட்ரிக் மொராஸ் வந்து 'ரிலேயர்' ஆல்பத்தில் வாசித்தார். அப்புறம் மொராஸ் போனார், வேக்மனே திரும்பி வந்து 1977ல் 'கோயிங் ஃபார் தி ஒன்' வாசித்தார். ஆரம்பித்த ஐவரில் 1972க்குப் பிறகு மிஞ்சியவர்கள் ஆண்டர்சனும் ஸ்க்வயரும் மட்டும்தான்.

அப்போதெல்லாம் யாரும் கொடி பிடிக்கவில்லை. ஹவ் வந்ததைக் கொண்டாடினார்கள். வேக்மன் வந்ததைத் திருவிழாவாக்கினார்கள். இன்றைக்கும் யெஸ்ஸின் 'அசல் வரிசை' என்று பலர் நினைப்பது ஆண்டர்சன், ஸ்க்வயர், ஹவ், வேக்மன், ப்ரூஃபோர்ட் என்ற ஐவரைத்தான். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பின்னால் வந்தவர்கள்! ஹவ்வும் வேக்மனும் உள்ளே வந்தால் வளர்ச்சி, ஹார்னும் டவுன்ஸும் உள்ளே வந்தால் துரோகம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானே?

சரி, 1980ல் என்ன நடந்தது?

1978ல் வந்த 'டொர்மாட்டோ' ஆல்பம் விற்றது, ஆனால் சொந்த ரசிகர்களே அதை அரை மனதோடுதான் ஏற்றுக்கொண்டார்கள். 1979 கடைசியில் அடுத்த ஆல்பத்துக்காகக் குழு பாரிசுக்குப் போனது. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர், க்வீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யைத் தயாரித்தவர். ஆள் பெரிய ஆள்தான், ஆனால் வேலை நகரவில்லை. ஆண்டர்சனும் வேக்மனும் மென்மையான பாடல்கள் பக்கம் இழுத்தார்கள். மற்ற மூவருக்கும் கனமான இசை வேண்டும். பணப் பிரச்சனையும் சேர்ந்துகொண்டது. இதற்கு நடுவே ஒயிட் காலை வேறு உடைத்துக்கொண்டார். ரெக்கார்டிங் பாதியில் நின்றது. 1980 தொடக்கத்தில் ஆண்டர்சனும் வேக்மனும் வெளியேறினார்கள்.

இந்த வரிசையை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழு உடைந்தது பாரிசில். உடைத்தவர்கள் பழைய ஐவர். அந்த நேரத்தில் ஹார்னும் டவுன்ஸும் பகிள்ஸ் என்ற பெயரில் தங்கள் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' பாட்டு 1979 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. (பிற்பாடு 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்டிவி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பியதும் இதே பாட்டின் வீடியோதான்.) யெஸ்ஸுக்கும் பகிள்ஸுக்கும் மேனேஜர் ஒருவரே, பிரையன் லேன். ஹார்ன் சின்ன வயதிலிருந்தே இசை வாசிப்பவர், யெஸ் ரசிகர். தாங்கள் எழுதிய ஒரு பாட்டை யெஸ்ஸுக்குக் கொடுக்கலாமே என்று வந்தவர்கள். வந்த இடத்தில், பாடகரும் கீபோர்டும் இல்லாமல் மூன்று பேர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு கொடுக்க வந்தவர்களை "நீங்களே உள்ளே வாங்க" என்று இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இங்கே காமர்ஸ் படிக்கும் எவருக்கும் ஒரு பாடம் ஞாபகம் வரும். கூட்டாண்மைக் கணக்கு. கூட்டாளி விலகல், கூட்டாளி சேர்ப்பு. ஒரு கடைக்குப் பல வருஷத்தில் சேர்ந்த பெயருக்கு நற்பெயர் என்று சொல்லி, அதையும் ஒரு சொத்தாக மதிப்புப் போடுவார்கள். புதிதாக வருபவர் முதலும் கொண்டு வரவேண்டும், நற்பெயரில் தன் பங்குக்குத் தொகையும் கொண்டு வரவேண்டும். ஏனென்றால் அந்தப் பெயரைச் சம்பாதித்ததில் அவருக்குப் பங்கு இல்லை. இதுவரை நியாயம்.

ஆனால் அதே பாடத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. புதிதாக வரும் கூட்டாளி, தான் வருவதற்கு முன்னால் கடை பட்ட கடனுக்குப் பொறுப்பாளி கிடையாது. அவராக ஒத்துக்கொண்டால் ஒழிய. 1890ஆம் வருஷத்து பிரிட்டிஷ் கூட்டாண்மைச் சட்டமும் இதையே சொல்கிறது, 1932ஆம் வருஷத்து இந்தியச் சட்டமும் இதையே சொல்கிறது. சாதாரண மளிகைக் கடைக்கு இருக்கும் இந்தக் குறைந்தபட்ச நியாயம்கூட ஹார்னுக்கும் டவுன்ஸுக்கும் கிடைக்கவில்லை. டொர்மாட்டோவின் ஏமாற்றம், பாரிஸ் சண்டை, ஆண்டர்சன் போன துக்கம் எல்லாவற்றையும் அவர்கள் கணக்கில் பற்று எழுதிவிட்டார்கள்.

இனி குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குற்றச்சாட்டு ஒன்று: "பாப் பசங்க வந்து ப்ராக் குழுவைக் கெடுத்துட்டாங்க."

இதைச் சொல்பவர் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. 'மெஷின் மெசையா' பத்தரை நிமிடப் பாட்டு. ஆரம்பத்திலேயே கிட்டாரும் பேஸும் சேர்ந்து போடும் ரிஃப், ஹெவி மெட்டலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அதற்கு முந்தைய யெஸ் ஆல்பங்களில் இவ்வளவு முரட்டுத்தனமான தொடக்கத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து அமைதியான அக்கூஸ்டிக் கிட்டார், திடீரென்று ஓட்டமெடுக்கும் கீபோர்டு, தாளம் மாறிக்கொண்டே இருக்கும் பகுதிகள், மறுபடி அந்த ரிஃப். கேட்டுவிட்டு யாராவது இதை மூன்று நிமிட பாப் என்று சொன்னால் காதைத்தான் சோதிக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு 'டெம்பஸ் ஃபியூஜிட்'. ஐந்தேகால் நிமிடம், மூச்சு விட இடம் தராத வேகம். ஸ்க்வயரின் பேஸ் கிட்டார் பின்னணியில் துணைக்கு நிற்காமல் பாட்டையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பேஸ் வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் விரலைப் பழக்க எடுத்துக்கொள்ளும் பாட்டுகளில் இதுவும் ஒன்று. நடுவில் இருக்கும் 'டஸ் இட் ரியலி ஹாப்பன்' பாட்டிலும் பேஸுக்கே ராஜ மரியாதை, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்பி வந்து இன்னொரு சுற்று வாசித்துவிட்டுப் போகிறார் மனிதர்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2004ல் டிராமா மறுபடி வெளியானபோது கூடுதல் பாடல்களைச் சேர்த்தார்கள். அதில் பாரிசில் ஆண்டர்சன் பாடிய, பாதியில் நின்ற பாடல்களும் இருக்கின்றன, ஹார்னும் டவுன்ஸும் வருவதற்கு முன்னால் மூன்று பேர் மட்டும் வாசித்த ஒத்திகைத் துண்டுகளும் இருக்கின்றன. அந்த ஒத்திகையைக் கேட்டால் ஒன்று தெளிவாகப் புரியும். கனமான, வேகமான அந்தத் திசையை ஸ்க்வயர், ஹவ், ஒயிட் மூவரும் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். 'பாப் பசங்க' வந்து திசையை மாற்றவில்லை. அந்தத் திசையில் போக ஆள் இல்லாமல் நின்ற வண்டியில் ஏறி ஓட்டினார்கள். பாரிஸ் பாடல்களையும் டிராமாவையும் அடுத்தடுத்து கேளுங்கள். எது சோர்ந்து போன குழு, எது உயிரோடு இருக்கும் குழு என்று வாதாடவே வேண்டியிருக்காது.

பாப்பிலிருந்து அவர்கள் கொண்டு வந்தது என்ன? சிக்கனம். 'டேல்ஸ்' ஆல்பத்தில் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டதை எட்டு நிமிடத்தில் சொல்லும் பழக்கம். புது சிந்தசைசர் சத்தம், வோகோடர் வழியாக வரும் இயந்திரக் குரல், கூர்மையான ரெக்கார்டிங். 1980ல் ஒரு ப்ராக் குழுவுக்கு வேண்டியிருந்த மருந்தே அதுதான். பங்க் அலை வந்து இந்த நீள நீளப் பாட்டுக்காரர்களை எல்லாம் டைனோசர் என்று கிண்டல் செய்துகொண்டிருந்த காலம் அது.

குற்றச்சாட்டு இரண்டு: "ஹார்ன், ஆண்டர்சன் மாதிரி மிமிக்ரி பண்றார்."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டர்சன் மாதிரி பாடினால் மிமிக்ரி. மாதிரி பாடாவிட்டால் 'இது யெஸ்ஸே இல்லை'. எந்தப் பக்கம் போனாலும் அடி!

உண்மையில் யெஸ் குரல் என்று நாம் கேட்டுப் பழகியது ஒரு ஆளின் குரல் கிடையாது. ஆண்டர்சன் மேலே நிற்க, ஸ்க்வயரும் ஹவ்வும் பக்கத்தில் சேர்ந்து பாடும் ஹார்மனி அது. அதில் ஸ்க்வயரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை டிராமாதான் முதல்முறை வெளியே காட்டியது. ஆண்டர்சன் இல்லாத இடத்தில் ஸ்க்வயரின் குரல் முன்னால் வருகிறது. ஹார்னின் குரலோடு அது சேரும்போது நூல் பிசகாமல் யெஸ் ஒலிக்கிறது. 'கிட்டத்தட்ட யெஸ் மாதிரி இருக்கு' என்று குறை சொல்பவர்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். பழைய கூட்டாளிகள் மூன்று பேர் அங்கேதானே இருக்கிறார்கள்!

இன்னொன்று. ஆல்பத்தின் எல்லாப் பாடல்களும் ஐந்து பேர் பெயரிலும் சேர்த்தே பதிவாகியிருக்கின்றன. ஒப்பந்தம் இல்லாத கூட்டாண்மையில் லாப நஷ்டம் சம பங்கு என்பது மாதிரி, பழையவர் புதியவர் என்ற பாகுபாடு இல்லாமல் சம பங்கு. 'ரன் த்ரூ தி லைட்' பாட்டில் ஒரு படி மேலே போய், ஹார்ன் பேஸ் வாசிக்க ஸ்க்வயர் பியானோவில் உட்கார்ந்திருக்கிறார். தன் பேஸ் கிட்டாரை ஸ்க்வயர் இன்னொருவர் கையில் கொடுத்தார் என்றால், வந்தவரைக் கூலிக்கு வந்தவராக அவர் நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்தாபகரே ஒத்துக்கொண்ட ஆளை ஒத்துக்கொள்ள ரசிகருக்கு என்ன கஷ்டம்?

குற்றச்சாட்டு மூன்று: "ஆல்பம் ஃப்ளாப்."

பிரிட்டனில் இரண்டாம் இடம். இதற்குப் பெயர் ஃப்ளாப் என்றால் எல்லாக் குழுவும் ஃப்ளாப்பாகவே ஆசைப்படும். அமெரிக்காவில் 18ஆம் இடம். 'ஃப்ராஜைல்' காலத்திலிருந்து புது ஸ்டுடியோ ஆல்பம் எல்லாமே அங்கே முதல் பத்துக்குள் வந்தன, இதுதான் முதல்முறையாக வெளியே நின்றது. சறுக்கல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய ஆல்பமான டொர்மாட்டோ பத்தாம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தையது எட்டு. அதற்கு முன்னால் ரிலேயர் ஐந்து. ஐந்து, எட்டு, பத்து, பதினெட்டு. இறக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதற்குக் கணக்குப் புத்தகம் தெரியவேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

குற்றச்சாட்டு நான்கு: "மேடையில் ஹார்ன் திணறினார்."

ஆமாம், திணறினார். இதை மறுப்பது பொய். ஸ்டுடியோவில் தன் குரலுக்கு ஏற்றபடி எழுதிய பாடலைப் பாடுவது வேறு, ஆண்டர்சனின் உச்சஸ்தாயிக்காக எழுதிய பாடல்களை ராத்திரிக்கு ராத்திரி பாடுவது வேறு. அமெரிக்க டூர் பரவாயில்லை. 1980 செப்டம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று நாள் வாசித்தார்கள். வருஷக் கடைசியில் பிரிட்டன் டூரில்தான் கூட்டத்திலிருந்து கூச்சல். ஆண்டர்சன் எங்கே, வேக்மன் எங்கே என்று கத்தினார்கள். பத்திரிகைகளும் வாரிவிட்டன.

ஆனால் இதில் யார் குற்றவாளி? ஸ்டுடியோ வேலை முடிந்த கையோடு, புதிய பாடகரை மூச்சு விட விடாமல் டூருக்கு அனுப்பியவர்கள் யார்? பழைய பாடல்களைப் புதுக் குரலுக்குத் தோதாக அமைத்துக்கொள்ளாமல் அப்படியே நிற்க வைத்தவர்கள் யார்? ஒரு வருஷம் பொறுத்து, இரண்டாவது ஆல்பம் போட்டு, சொந்தப் பாடல்கள் கையில் சேர்ந்த பின் ஊர் ஊராகப் போயிருந்தால் கதை வேறு. ஹார்ன் அந்தக் கூச்சலுக்கு நடுவே டூரை முழுதாக முடித்துக் கொடுத்தார். ஓடிப்போகவில்லை. அதைப் பாராட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த இடத்தில் மற்ற குழுக்களையும் பார்க்க வேண்டும். 1975ல் ஜெனசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் போனார். பல பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே பாடினார். 1976ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' பிரிட்டனில் மூன்றாம் இடம், விமர்சகர்களும் பாராட்டினார்கள். கிங் க்ரிம்சனில் ராபர்ட் ஃப்ரிப் 1974ல் கடையை மூடிவிட்டு, 1981ல் வேறு ஆட்களோடு 'டிசிப்ளின்' கொண்டு வந்தார். 1969ல் ஆரம்பித்த குழுவிலிருந்து அதில் இருந்தவர் ஃப்ரிப் ஒருவரே. அதுவும் கிங் க்ரிம்சன்தான், அதை இன்று கொண்டாடுகிறார்கள். பிங்க் ஃப்ளாய்டில் ரோஜர் வாட்டர்ஸ் விலகி, பெயருக்காக வழக்கே போட்டார். மற்றவர்கள் 1987ல் 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' வெளியிட்டார்கள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூன்றாம் இடம்.

புது ஆள் வந்தாலே நன்றாக இருக்கும் என்பது இங்கே வாதம் கிடையாது. அதே ஜெனசிஸ், காலின்ஸும் போன பிறகு வெளியிலிருந்து ரே வில்சனைக் கொண்டு வந்து 1997ல் 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' போட்டது. அது தள்ளாடியது, ஒரே ஆல்பத்தோடு முடிந்தது. ஆள் மாற்றம் வெற்றிக்கும் உத்தரவாதம் இல்லை, தோல்விக்கும் உத்தரவாதம் இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். டிராமாவுக்கு அந்தக் கேட்பதுதான் மறுக்கப்பட்டது.

டிராமாவில் குறையே இல்லையா? இருக்கிறது. 'ரன் த்ரூ தி லைட்' மற்ற பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணம். 'ஒயிட் கார்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை, ஏன் வந்தது ஏன் போனது என்று யோசிப்பதற்குள் போய்விடுகிறது. ஆண்டர்சன் பாடும்போது வரும் அந்தக் கோயில் மணி மாதிரியான பரவசம் ஹார்னிடம் இல்லை. இதெல்லாம் உண்மையான விமர்சனம், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குறையைக் கேட்டுச் சொல்வது வேறு, சாதிச் சான்றிதழ் பார்த்துத் தள்ளி வைப்பது வேறு.

அப்புறம் நடந்ததுதான் பெரிய தமாஷ்.

1981 தொடக்கத்தில் குழு கலைந்தது. இரண்டே வருஷத்தில் ஒவ்வொருவரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். ஹவ்வும் டவுன்ஸும் சேர்ந்து, ஜான் வெட்டன், கார்ல் பாமர் கூட்டணியோடு ஏஷியா என்ற குழுவை ஆரம்பித்தார்கள். 1982ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். யெஸ் தன் வாழ்நாளில் எட்டிப் பிடிக்காத இடம் அது! ஹார்ன் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளர் ஆனார். ஏபிசி குழுவின் 'தி லெக்சிகன் ஆஃப் லவ்', அப்புறம் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்று எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் சத்தத்தையே மாற்றிப் போட்டார்.

ஸ்க்வயரும் ஒயிட்டும் ட்ரெவர் ராபின் என்ற தென்னாப்பிரிக்கக் கிட்டாரிஸ்டோடு சேர்ந்து சினிமா என்ற பெயரில் புதுக் குழு தொடங்கினார்கள். வேலை பெரும்பாலும் முடிந்த நிலையில் ஆண்டர்சனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பாடியதும் பெயர் மறுபடி யெஸ் ஆனது. 1983ல் '90125' வெளிவந்தது. அதில் இருந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். யெஸ்ஸின் ஒரே அமெரிக்க முதலிடப் பாட்டு.

அதைத் தயாரித்தது யார் தெரியுமா? ட்ரெவர் ஹார்ன். மேடையில் கூச்சல் போட்டு விரட்டிய அதே மனிதர். தன்னைக் கிண்டல் செய்ய ஒப்பீட்டுக்கு இழுத்த அதே ஆண்டர்சனின் குரலை, உலகம் முழுவதும் கேட்க வைத்ததும் அவரேதான். பழைய கடனை எல்லாம் தன் தலையில் சுமந்தவர், வட்டியோடு லாபத்தைக் கொண்டு வந்து கல்லாவில் போட்டுவிட்டுப் போனார். 'யெஸ்ஸைக் கெடுத்தவர்' என்று இவரைத் திட்டியவர்கள் அந்தப் பாட்டை எந்த வாயால் பாடினார்கள்?

பெயர்ச் சண்டையும் தொடர்ந்தது. 1989ல் ஆண்டர்சன், ப்ரூஃபோர்ட், வேக்மன், ஹவ் நால்வரும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். 'யெஸ் என்றால் ஆண்டர்சன்' என்ற கோஷம் சரியென்றால் அதுவல்லவா யெஸ்? ஆனால் பெயர் ஸ்க்வயர் பக்கம் இருந்தது. அதனால் வக்கீல் ஆபீஸ் மாதிரி நான்கு பெயரையும் வரிசையாக எழுதி ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்தார்கள்! 1991ல் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து எட்டுப் பேராக 'யூனியன்' போட்டார்கள். டிராமாவுக்கு வக்கணை பேசியவர்கள் இந்த ஆல்பத்தை ஒரு தடவை முழுதாகக் கேட்கட்டும். குழுவின் பெரிய தலைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இசை மட்டும் கூரைக்கு வெளியே. அதில் வாசித்தவர்களே பின்னால் அதைக் குறை சொன்னார்கள். அசல் ஆட்கள் இருந்தால் அசல் இசை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு யூனியனே பதில்.

ஆண்டர்சன் திரும்பி வந்த பிறகு டிராமா பாடல்கள் மேடைப் பட்டியலிலிருந்து காணாமல் போயின. 2008ல் பெனுவா டேவிட் என்ற கனடாப் பாடகர் வந்த பிறகுதான் 'மெஷின் மெசையா'வும் 'டெம்பஸ் ஃபியூஜிட்'டும் முழுதாக மேடை ஏறின. 1980ல் மேடையில் மட்டும் பாடி, ஆல்பத்தில் சேராமல் போன அந்தப் பகிள்ஸ் பாட்டு 2011ல் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' என்ற ஆல்பத்தின் மையமாக வந்தது. தயாரித்தவர் மறுபடியும் ஹார்ன், கீபோர்டில் மறுபடியும் டவுன்ஸ். 2016ல் டிராமா ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் வாசித்தார்கள். ஆல்பம் வெளிவந்து 36 வருஷம் கழித்து!

ஆனால் 2017ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் யெஸ்ஸைச் சேர்த்துக்கொண்டபோது எட்டுப் பேருக்குத்தான் மரியாதை. ஆண்டர்சன், ஸ்க்வயர், ப்ரூஃபோர்ட், கே, ஹவ், வேக்மன், ஒயிட், ராபின். ஹார்ன் பெயரும் இல்லை, டவுன்ஸ் பெயரும் இல்லை. ஒரு ஆல்பம் பாடி, ஒரே முதலிடப் பாட்டைத் தயாரித்துக் கொடுத்தவர் குழுவின் வரலாற்றில் ஆளே இல்லை. அந்த வருஷமும் மேடையில் யெஸ் கீபோர்டில் உட்கார்ந்திருந்த டவுன்ஸும் ஆளே இல்லை. உழைப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு, மரியாதைக்குப் பூஜ்யம். எந்தக் கூட்டாண்மையில் உண்டு இந்த விகிதம்?

2015 ஜூனில் ஸ்க்வயர் இறந்தார். 2022 மே மாதம் ஒயிட் இறந்தார். அதற்குப் பிறகும் யெஸ் என்ற பெயரில் ஆல்பம் வருகிறது, 2023லும் 'மிரர் டு தி ஸ்கை' வந்தது. 1968ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. பாடுபவர் 2012லிருந்து ஜான் டேவிசன். ரசிகர்கள் பலரும் இதை ஏற்றுக்கொண்டு டிக்கெட் வாங்குகிறார்கள், நல்லது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்கட்டும். இன்றைய வரிசை யெஸ் என்றால், ஸ்க்வயரும் ஹவ்வும் ஒயிட்டும் உயிரைக் கொடுத்து வாசித்த 1980 வரிசை எப்படி யெஸ் இல்லாமல் போகும்?

ஆண்டர்சன் இல்லாமலும் யெஸ் நடக்கும் என்பதை முதலில் நிரூபித்தது டிராமா. அதற்குப் பின்னால் வந்த அத்தனை பாடகர்களும் அந்த ஆல்பம் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். கதவைத் திறந்தவனுக்குத்தான் முதல் அடி விழும் என்பது ஊர் வழக்கம். விழட்டும். ஆனால் 40 வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருப்பது அநியாயம்.

ஆக, டிராமாவைக் குறை சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். யார் பாடுகிறார், யார் வாசிக்கிறார் என்ற பெயர்களை மறந்துவிட்டு 37 நிமிடம் கேளுங்கள். அதற்கப்புறமும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். அது விமர்சனம். கேட்காமல் திட்டினால் அதற்குப் பெயர் வேறு.